அத்தியாயம் 14: மரியாதைக்கு ஒரு ‘ங்க’

ஃப்ரிட்ஜ் கதவில் மோனிஷா சிரித்துக்கொண்டிருந்தாள்.

மலையாளப் பத்திரிகையில் வந்த படம். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு விமானக் கேப்டன் என்று தலைப்பு. சென்னியப்பன் அதை வெட்டி, கொழிஞ்சாம்பாறைக்குப் போய் லேமினேட் செய்து வந்து, நான்கு மூலையிலும் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். பாலெடுக்கக் கதவைத் திறந்தால் மருமகள். மூடினாலும் மருமகள்.

“எப்புடி இருக்குது?” என்றார்.

“நல்லா இருக்குதுங்க” என்றான் கோபிநாத்.

அந்த இடத்தில் முன்பு அவனுடைய சான்றிதழ் இருந்தது. சிட்டு ஏர் நிறுவனத்தின் சிறந்த நிலையப் பொறுப்பாளர், கோயமுத்தூர். அது இப்போது பக்கவாட்டுக்குப் போய், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே ஒற்றைக் காந்தத்தில் சாய்ந்து நின்றது.

நான்கு மாதமாக வீடு இப்படித்தான் இருக்கிறது. கல்யாணத்தின்போது மோனிஷாவின் தோளில் மூன்று பட்டை. துணை விமானி. சொந்த ஊரான வேலந்தாவளம் முழுக்க அவளைக் கூட்டிக்கொண்டு சுற்றினான். கேப்டனாகி நான்காவது பட்டை வந்த அன்று கேக் வாங்கி வந்ததும் அவன்தான். வெட்டும்போது போன் வந்ததாக வெளியே போய்விட்டான். போன் வரவில்லை.

இருபத்திரண்டு வயதில் அவனும் அந்தப் பட்டைக்குத்தான் புறப்பட்டான். மருத்துவப் பரிசோதனையில் புள்ளிபுள்ளியான அட்டையைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று டாக்டர் கேட்டார். எண் எதுவும் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒரே நிறம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அதன்பின் தரையில்தான் வேலை.

வீட்டில் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அம்மா. மகள் கோமதியின் பிரசவத்துக்காக ஹைதராபாத் போன ராசம்மாள், ரயிலில்தான் போனாள். மருமகள் ஓட்டுகிற விமானத்தில் இடம் போட்டுத் தருகிறேன் என்று அவன் சொன்னதற்கு, “சோத்துக்கு உப்புப் போட மறக்கறவ, ஆகாசத்துல எதையெதை மறப்பாளோ” என்றாள். போன வாரம் போனிலும் அதையே சொன்னாள். கோபிநாத் அம்மாவைக் கண்டித்தான். கண்டித்துவிட்டு, அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். அம்மா நாளை ரயிலில் திரும்புவதாக இருந்தது.

“சாயந்திரம் மழை இருக்குது. கொடை எடுத்துக்க” என்றார் சென்னியப்பன்.

“சரிங்கப்பா.”

கோபிநாத் எல்லாருக்கும் ‘ங்க’ போடுவான். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, விமான நிலைய வாசலில் நிற்கும் காவலருக்கு, பெட்டி தொலைந்தது என்று சட்டையைப் பிடிக்கும் பயணிக்கு. தென்னந்தோப்பில் குரங்கை விரட்டும்போதும் ‘போங்க, போங்க’ என்பதாக மோனிஷா கேலி செய்வாள். அவன் ‘ங்க’ போடாமல் பேசுவது இரண்டு பேரிடம்தான். ஒன்று மோனிஷா. இன்னொன்று அருண்பாண்டி.

அருண்பாண்டி மறையூர்க்காரன். ஏழு வயது இளையவன். அவனும் கேப்டன்தான். மோனிஷாவோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவன். இரண்டு பேருக்கும் ஒரே மலைத் தமிழ். ஓய்வறையில் அவர்கள் சிரிப்பது படிக்கட்டிலேயே கேட்கும். கோபிநாத் உள்ளே போனால், “வாங்கண்ணே” என்று அருண்பாண்டி நாற்காலியைத் தள்ளிப்போடுவான். என்ன சிரிப்பு என்று கேட்டால் முதலிலிருந்து விளக்குவான். விளக்கிச் சொன்ன நகைச்சுவைக்கு யார் சிரிப்பார்கள்?

பீளமேடு விமான நிலையம் போய்ச் சேர்ந்ததும் மெயிலைத் திறந்தான். மாதப் பட்டியல் வந்திருந்தது.

மலிவு டிக்கெட் நிறுவனங்களில் எரிபொருள்தான் எல்லாம். விதிப்படி ஏற்றவேண்டிய அளவுக்கு மேல் எந்தக் கேப்டன் எவ்வளவு கேட்டு வாங்கினார் என்று மாதா மாதம் வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். குறைவாகக் கேட்டவர் மேலே. அதிகம் கேட்டவர் கீழே. யாரையும் குறை சொல்லும் வரி ஒன்றுகூட இருக்காது. பட்டியல் மட்டும் இருக்கும்.

மேலிருந்து இரண்டாவது அருண்பாண்டி. கடைசியில் மோனிஷா.

கோபிநாத் அதை இரண்டு முறை படித்தான். பிறகு ஒரு நகல் எடுத்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

*

மூன்றே முக்காலுக்கு வாளையார்ப் பக்கம் கறுத்தது. நான்கு மணிக்குக் கொட்டியது. ஐப்பசி மழை. இடி விழுந்ததில் கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது.

கோபிநாத் மழை வரைபடத்தைத் திரையில் திறந்தான். மேகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. எவ்வளவு கனம் என்று தெரியவில்லை. அதற்கு நிறம் தெரியவேண்டும். சிவப்பு என்றால் கனமழை.

“ஜினோ சேட்டா, என்ன கலருங்க?”

ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கியிருந்த ஜினோ, கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தார். “நடுவிலே சிவப்பு. சுத்தி மஞ்ஞள். பச்சை இல்ல மோனே.”

வானத்தில் சிட்டு ஏரின் இரண்டு விமானங்கள் இருந்தன. மும்பையிலிருந்து அருண்பாண்டி. இருபது நிமிடம் பின்னால், ஹைதராபாத்திலிருந்து மோனிஷா. இரண்டும் இறங்கி இருபத்தைந்து நிமிடத்தில் மறுபடி கிளம்பவேண்டும். அவள் வருகிற விமானம்தான் அடுத்துச் சென்னைக்குப் போகவேண்டியது. அது தாமதித்தால் சென்னையிலிருந்து போவதும் தாமதம். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மொத்தப் பாயும் பிரிந்துவிடும்.

சென்னைத் தலைமையகத்திலிருந்து மோகனசுந்தரம் கூப்பிட்டார். கால அட்டவணை அவர் பொறுப்பு.

“கோபி, ரெண்டும் இறங்கிடுமா?”

“இறங்கிடுமுங்க சார்.”

“அருண் இறங்கிடுவான். உங்க வீட்டம்மாதான் மேகத்தைப் பார்த்தா வேற ஊருக்குப் போயிடுவாங்க. ஃப்யூலும் நிறைய வச்சிருப்பாங்க. வழிச்செலவுக்குக் கொண்டுபோற மாதிரி.” அவர் சிரித்தார். “கேப்டனாகி ஆறு மாசம் பார்ப்போம்னு மேல சொல்லியிருக்காங்க. காரணமில்லாம ஒரு தடவை திரும்பினா, மறுபடி மூணு பட்டைதான். நான் சொன்னதா சொல்லாதீங்க.”

“இல்லீங்க சார்.”

அருண்பாண்டி இறங்கினான். தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு விமானம் ஓடியது. வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல், கடைசிவரை போய்த் திரும்பி வந்தது.

கோபிநாத் குடையோடு கீழே போனான். அருண்பாண்டி படியிறங்கி நேரே சக்கரத்துக்குத்தான் போனான். பொறியாளர் மறுபக்கம் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். மழையில் கத்திப் பேசவேண்டியிருந்தது.

“அண்ணே, நடுவுல தண்ணி நிக்குதுண்ணே! பிரேக்கு பிடிக்கவே இல்ல. வண்டி வழுக்கிக்கிட்டே போகுது. செத்தேன்னு நெனச்சேன்.”

“டவர்ல சொன்னியா?”

“ஈரமா இருக்குன்னு மட்டுந்தான் சொன்னேன். அப்ப வாயே வரல. டயரைப் பாத்துட்டு வாரேன், நீங்க மேலதான போறீக? டவருக்கும் சொல்லிருங்க, மோனிஷாவுக்கும் சொல்லிருங்க. அது பின்னாலயே வருதுல்ல?”

“சொல்லிர்றேன் போ.”

“மறந்துராதீகண்ணே!”

படியேறும்போது கோபிநாத் மறக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் அது ஞாபகம் இருந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது. அவள் திரும்பிப் போவாள். சரியான காரணத்தோடு போவாள். நாளைக்கு அதையும் பாராட்டி ஒரு மெயில் வரும். அப்பா அதையும் லேமினேட் செய்வார்.

ரேடியோ அழைத்தது. நிறுவனத்தின் அலைவரிசை. ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும். மோனிஷா ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தாள். இறங்கும் நேரம் சொன்னாள். பின்காற்று இருக்கிறது, இறங்கினால் ஓட்டம் நீளும் என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது.

“முன்னால போனவன் எறங்கிட்டானா? ஓடுபாதை எப்படி இருக்காம்?”

மைக்கின் பொத்தானை அழுத்தினான். வெளியே விமானத்தின் அடியில், மஞ்சள் மழைக்கோட்டில், அருண்பாண்டி சக்கரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு தடவை. காரணமில்லாமல் அவள் பயப்படட்டும். காரணத்தை எடுத்துக் கையில் கொடுக்கிற ஆளாக நான் ஏன் இருக்கவேண்டும்?

“எறங்கிட்டான். ஈரந்தான். நல்லா இருக்குதுங்க” என்றான்.

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும். மூன்று நொடி இருக்கும்.

“கொச்சி போறேன்” என்றாள் மோனிஷா.

*

பத்து நிமிடத்தில் வெயில் அடித்தது.

அவ்வளவு அநியாயமாக ஒரு வெயிலை அவன் பார்த்ததில்லை. ஓடுபாதை பளபளத்தது. வேறொரு நிறுவனத்தின் விமானம் வந்து, பூப்போல இறங்கி, வழக்கமான இடத்தில் திரும்பியது.

மோகனசுந்தரம் கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

“நூற்று எழுபத்தாறு பேர். கொச்சியிலிருந்து பஸ். சென்னை விமானம் ரத்து. ஆறு மணிக்குள்ள எனக்கு உங்க நிலைய அறிக்கை வேணும் கோபி. அவங்க கேட்டது என்ன, நீங்க சொன்னது என்ன. ரெண்டு வரி போதும். முன்னால இறங்கின கேப்டன் ஏதாவது எச்சரிக்கை கொடுத்தாரா?”

“ஈரமுன்னாருங்க.”

“அவ்வளவுதானே?”

“அவ்வளவுதானுங்க.”

தட்டச்சு செய்தான். ஓடுபாதை ஈரம். வேறு குறிப்பு இல்லை. எழுதிவிட்டு, அனுப்பாமல் சேமித்து வைத்தான்.

பஸ்ஸுக்கு ஆள் கணக்கு வேண்டும். பயணிகள் பட்டியலைத் திறந்தான். சக்கர நாற்காலி இரண்டு. கைக்குழந்தை மூன்று. தனியாக வரும் முதியவர் ஒருவர்.

இருக்கை 4C. ராசம்மாள் சென்னியப்பன்.

அவன் திரையின் அருகே குனிந்தான். வயதைப் பார்த்தான். முகவரியைப் பார்த்தான். எழுந்து நின்றான். மறுபடி உட்கார்ந்தான்.

வழுக்கிக்கிட்டே போகுதுண்ணே என்று அருண்பாண்டி கத்தியது அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

போன் அடித்தது. அம்மா.

“கண்ணு, பயந்துக்காத. நாங்க கொச்சியில எறங்கிட்டோம்.”

“அம்மா, நீங்க எதுக்குங்க இதுல ஏறுனீங்க? நாளைக்கு ரயிலுதானுங்களே?”

“கோமதி ஏத்தி உட்டுட்டா. ஒருக்கா போய்ப் பாரும்மான்னா. உங்கிட்டச் சொல்ல வேண்டாம், எறங்கறப்ப வந்து நிக்கலாமுன்னு இருந்தேன்.” ராசம்மாளின் குரலில் பதற்றம் இல்லை. திருவிழாவுக்குப் போய் வந்தவள்போல் இருந்தாள். “மைக்குல பேசறா பாரு! நான் உங்கள் கேப்டன் அப்புடீங்கறா. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பக்கத்துச் சீட்டு ஆளுகிட்ட, எம்பட மருமவன்னு சொன்னேன். அவன் நம்புல. அந்தப் பணிப்பொண்ணு புள்ளையக் கூப்புட்டுச் சொல்ல வெச்சனாக்கும்.”

கோபிநாத்துக்கு முப்பத்தைந்து வயது. எம்பட மகன் என்று அம்மா எந்தப் பக்கத்து ஆளிடமும் சொல்லி அவன் கேட்டதில்லை.

“உப்புப் போட மறந்துருவான்னீங்களே” என்றான்.

“அது சோத்துக்கு. இது வேறல்லொ?” ராசம்மாள் சிரித்தாள். “பஸ்ஸு பாலக்காட்டு வழியாத்தான வருது? அங்கயே எறங்கிக்கறேன். அப்பன ஸ்கூட்டர் எடுத்துட்டு வரச்சொல்லு. கோயமுத்தூர்ல எறங்கியிருந்தா இன்னொரு பஸ்ஸு புடிக்கோணும். அவ என்னைய ஊட்டு வாசல்லயே கொண்டாந்து உட்ட மாதிரி ஆயிப்போச்சு.”

“எதுக்கு இங்க எறக்கலைன்னு கேட்டீங்களா?”

“கேட்டனே. மேகப் படத்துல செவசெவன்னு இருந்துச்சுங்கத்தை, பின்காத்து வேறன்னா. அப்பறம் ஒண்ணு சொன்னா பாரு, எனக்குச் சிரிப்புத் தாங்குல. ‘உங்க மகன் எங்கிட்ட ரேடியோவுல ங்க போட்டாரு அத்தை. அவரு எனக்கு ங்க போட்டா அதுல ஒரு பொய்யி இருக்கும்’ங்கறா.”

கோபிநாத் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

“கல்யாணம் ஆன புதுசுல, பீடி குடிச்சியான்னு கேட்டதுக்கு ‘இல்லீங்க’ன்னியாமா? அன்னைக்கே கண்டுபுடிச்சுட்டாளாமா. மூணு வருசமா உங்கிட்டச் சொல்லாம வெச்சிருக்கறா, கள்ளி. வெளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பா. நான் சொன்னன்னு காட்டிக்காத.” குரல் சற்றுத் தள்ளிப் போனது. “வந்துட்டா, இந்தா. ஏ மோனிஷா! உங்க வீட்டுக்காரரு.”

போன் கை மாறியது.

“அத்தைக்கு ஒண்ணும் இல்லைங்க. டீ குடிச்சுட்டு ஜம்முனு இருக்காக” என்றாள் மோனிஷா. களைத்திருந்தாள். “அத்தை உள்ள இருக்காகன்னு எனக்கே ஏறுன பெறகுதான் தெரியும். அங்க வெயிலாமே?”

“ம். வெயில்.”

“சென்னையில இருந்து பேசிட்டாங்க. ராத்திரிக்குள்ள காரணம் எழுதணுமாம்.” நிறுத்தினாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அருணுக்குப் போன் போட்டேன், எடுக்கல. எறங்குனதும் அவன் ஏதாச்சும் சொன்னானா? தண்ணி நிக்குது, வழுக்குது, அந்த மாதிரி?”

நாக்கு நுனியில் வந்து நின்றது. இல்லீங்க. எவ்வளவு வாகான சொல். பிறந்ததிலிருந்து அவன் வாயில் இருப்பது.

விழுங்கினான்.

“இல்ல” என்றான்.

“நெசமாவா?”

“ஒண்ணும் சொல்லல. ஈரம்னான். அவ்வளவுதான்.”

நான்கு வாக்கியம். ஒரு ‘ங்க’ இல்லை.

அந்தப் பக்கம் மோனிஷா மூச்சு விட்டது கேட்டது. நீளமாக.

“அப்ப எந் தப்புதான்” என்றாள். “என்னமோ மனசு சொல்லுச்சு, திரும்பிட்டேன். அப்படியே எழுதிர்றேன். நிலையம் சரியாத்தான் சொன்னாங்க, நாந்தான் மழையப் பாத்துப் பயந்தேன்னு. உங்க பேருல ஒண்ணும் வராது. கவலைப்படாதீங்க.”

“பட்டை?”

“போகட்டும். மூணு பட்டையோட இருந்தப்ப நல்லாத்தான இருந்தோம்?” சிரிக்கப் பார்த்தாள். “அத்தையப் பஸ் ஏத்திட்டுக் கூப்புடுதேன்.”

வைத்துவிட்டாள்.

நான்கு மாதமாக அவன் கேட்டது கிடைத்துவிட்டது. மகிழ்ச்சி எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தான். சட்டைப் பையில் அந்தப் பட்டியல்தான் இருந்தது. மழையில் நனைந்து, மடிப்பில் கிழிந்திருந்தது. கடைசிப் பெயர் மட்டும் கிழியாமல் இருந்தது.

சேமித்து வைத்த அறிக்கையைத் திறந்தான். அனுப்பினான்.

கதவு திறந்தது. அருண்பாண்டி. தலை துவட்டாமல், மழைக்கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

“டயரு ஒண்ணு போச்சுண்ணே. மாத்தச் சொல்லிட்டேன். ரெண்டு மணி நேரம் ஆகும், என்ன திட்டுவாங்களோ.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். “மோனிஷா கொச்சிக்குப் போயிருச்சாமே? நல்லவேளை. ரொம்ப நல்லவேளை. அது வந்திருந்தா புல்லுல போய்த்தான் நின்னிருக்கும்.”

கோபிநாத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் சொன்னத அப்படியே சொல்லிட்டீகள்ல?”

“சொல்லிட்டேனுங்க” என்றான் கோபிநாத்.

சொன்ன பிறகுதான் அவன் காதுக்கே கேட்டது.

அருண்பாண்டி ஒரு கணம் அவனைப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

“என்னண்ணே, இன்னைக்குப் போயி எனக்கு ‘ங்க’ போடுதீக? மோனிஷா கேட்டா என்ன சொல்லும் தெரியும்ல?”

சிரிப்பு முடியவில்லை. மேசைமேல் அவன் வைத்த போன் அதிர்ந்தது. திரையில் மோனிஷாவின் பெயர். கீழே இரண்டு வட்டம். எது பச்சை, எது சிவப்பு என்று கோபிநாத்தால் சொல்ல முடியாது.

அருண்பாண்டியின் கட்டைவிரல் தயங்கவில்லை.